கிலுகிலுப்பைக்கு யாரும் வராத தெரு

ஐம்பதுகளின் தொடக்கத்தில் ஒரு பங்குனி மாதம். ஓசூரில் நாங்கள் குடியிருந்த தெருவுக்கு அம்மை வந்திருந்தது. வீட்டுக்கு வீடு வாசலில் வேப்பிலை. தாளிப்பு கிடையாது, விருந்தாளி கிடையாது. மாரியாத்தா கொண்டுபோன பிள்ளைக்கு வாய்விட்டு அழவும் கூடாது. அழுதால் அவள் கோபம் அடுத்த பிள்ளை மேல் திரும்புமாம். என் மூத்த பையனையும் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டுதான் அனுப்பினேன். எதிர்வீட்டில் இரண்டு பிள்ளைகளும் போனது எனக்கே பிறகுதான் தெரியும்.

மிச்சம் இருந்தது மூன்று வயது மகள். அம்மை குத்துகிறவர் வரும்போதெல்லாம் தெருவே பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஏரிக்கரைப் புதரில் ஒளிந்துகொள்ளும். ஊசி பட்டால் ஆத்தாவுக்கு ஆகாதாம்.

ஒருநாள் காலை மைசூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பொம்மைக்காரர் வந்தார். எங்கள் தெருவுக்குப் புதியவர். தலையில் கூடை, கையில் மரக் கிலுகிலுப்பை. அதை ஆட்டிக்கொண்டே தெருக்கோடி வரை போய்த் திரும்பினார். வேப்பிலையைத் திருவிழாத் தோரணம் என்று நினைத்துவிட்டார் போலும். என் வாசலில் நின்று தண்ணீர் கேட்டார். சொம்பை நீட்டினேன்.

"ஏனம்மா, வேற ஊர்ல இத ஆட்டினா பசங்க மேல வந்து உழும். இந்தத் தெருவுல பசங்களே இல்லவா?" என்றார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "ஏன் இல்லாம? வூடு நெறைய இருக்குதுங்க!" என்று தெருவைக் காட்டக் கையை நீட்டினேன். கை அப்படியே நின்றுவிட்டது. கோலிக்குழியெல்லாம் மண் மூடிக் கிடந்தது. பிள்ளைகள் ஏறிக் குதிக்கும் கோயில் மேடையில் நாய் படுத்திருந்தது. நாள் முழுக்க நான் நடமாடும் தெரு. இதை நான் பார்க்கவே இல்லையே, பாவி!

அவர் என் முகத்தைப் பார்த்தார், பிறகு தலைக்கு மேல் வேப்பிலையைப் பார்த்தார். தண்ணீரைக் குடிக்காமலே சொம்பைக் கீழே வைத்துவிட்டு, கிலுகிலுப்பை சத்தம் போடாமல் கையால் பொத்திக்கொண்டு வேகமாக நடந்தார்.

உள்ளே போய் மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டேன்.

"எங்கடி கெளம்பிட்ட?" என்று மாமியார் வாசலை மறித்தார்.

"ஆஸ்பத்திரிக்கு. அம்மை குத்திக்கிட்டு வரப் போறேன்."

"ஐயோ, ஆத்தா கண்ண அவிச்சிடுவாடி!"

"பேரனத்தான் தூக்கிக் குடுத்தாச்சே அத்தே. இன்னும் அவளுக்கு என்ன கோவம் பாக்கி?"

அவர் விலகி வழிவிட்டார்.

மகள் பிழைத்துக்கொண்டாள், கையில் ஒரு தழும்போடு. வளர்ந்து கல்யாணமும் ஆயிற்று. அதே தெருவில்தான் பந்தல். மணப்பெண்ணோடு கூட நிற்க அவள் வயதுப் பெண் ஒருத்திகூட எங்கள் தெருவில் இல்லை. பக்கத்து ஊரான தளியிலிருந்து சொந்தக்காரப் பெண்ணை அழைத்து வந்தோம். அதைப் பார்த்த எதிர்வீட்டுக்காரி பந்தக்காலைப் பிடித்துக்கொண்டு, அத்தனை வருஷம் கழித்து, அன்றுதான் வாய்விட்டு அழுதாள். கல்யாண வீடு என்று யாரும் அவளைத் தடுக்கவில்லை.

இன்றும் தெருவுக்குள் புது ஆள் யாராவது நுழைந்தால் அவர் முகத்தைத்தான் முதலில் பார்க்கிறேன். பழகிப்போய் நாங்கள் பார்க்காமல் விட்டது ஏதாவது அங்கே தெரிந்துவிடுமோ என்று இப்போதும் பயமாகத்தான் இருக்கிறது.