தூளிக்குள் இருந்த புத்தகம்

எட்டு வயதில் ஒரு புத்தகத்தைக் கண்டால் ஓடி ஒளிந்துகொள்வேன். பாடப் புத்தகம் இல்லை. துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்த சித்தப்பாவுக்கு, அமெரிக்கக் கப்பலில் வந்த கறுப்பு மாலுமி ஒருவர் கொடுத்துவிட்டுப் போன ஆங்கிலக் கவிதைப் புத்தகம். அட்டையில் விலங்கு மாட்டிய இரண்டு கைகள். அந்தக் கைகள் என்றாவது வெளியே நீண்டு என் சடையைப் பிடித்துவிடும் என்று திடமாக நம்பினேன்.

கப்பலில் பிடித்துவரப்பட்டு, மாடு மாதிரி விற்கப்பட்ட கறுப்பு மக்கள் எழுதிய கவிதைகள் என்றார் சித்தப்பா. அடிமை எழுத்துப் படித்தால் சவுக்கடியாம். அப்படியும் ஒளிந்து படித்து எழுதினார்களாம். படிக்காததற்குத் தினம் பிரம்படி வாங்கிக்கொண்டிருந்த எனக்கு அது ரொம்ப நல்ல ஊராகத் தெரிந்தது.

அதில் சிலவற்றைச் சித்தப்பா தமிழாக்கி நிலக்கரி இறக்கும் ஆட்களுக்குப் படித்துக்காட்டினார். கேட்டவர்கள் சும்மா இருப்பார்களா? கூடை தூக்கும்போது பாடும் பாட்டில் அதையும் சேர்த்துக்கொண்டார்கள். வேலைநிறுத்தப் பேச்சு அடிபட்ட சமயம் அது. பாட்டு மேலதிகாரி காதில் விழுந்து, எங்கிருந்து வந்தது என்று விசாரணை கிளம்பியது. புத்தகம் அகப்பட்டால் சித்தப்பாவுக்கு ஜெயில்தான் என்று அப்பா அம்மாவிடம் சொன்னார். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஒரு மதியம் ராயபுரத்தில் எங்கள் சந்துமுனையில் பூட்ஸ் சத்தம் கேட்டது. வீட்டில் அம்மாவும் நானும் கைக்குழந்தைத் தம்பியும்தான். அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. அட்டைப்படக் கைகளை அடையாளம் வைத்துப் புத்தகத்தை எடுத்து அடுப்புவரை போனாள். புகை காட்டிக்கொடுக்கும் என்று தோன்றியதோ என்னவோ, திரும்பி வந்து தூளியில் வைத்து, மேலே தம்பியைக் கிடத்தினாள்.

"ஆட்டிகினே இரு. நிறுத்தாம பாடு."

பயத்தில் எல்லாத் தாலாட்டும் மறந்துபோயிற்று. வாயில் வந்தது, சித்தப்பா வீட்டில் சத்தமாகச் சொல்லிச் சொல்லித் தமிழாக்கிய பாட்டு. காலையில் விற்கப்படப்போகும் பிள்ளைக்கு ஓர் அடிமைத் தாய் பாடுவது.

"விடிஞ்சா சந்தைக்கு இட்டுனு போவாங்க கண்ணே,
இந்த ஒரு ராவு என் மடியில தூங்கு."

அம்மா சட்டென்று என் பக்கம் திரும்பினாள். என்ன பாடுகிறேன் என்று எனக்கும் அப்போதுதான் உறைத்தது. அதற்குள் போலீஸ் உள்ளே நுழைந்துவிட்டது; நிறுத்தினால் சந்தேகம் வரும். இன்ஸ்பெக்டர் பெட்டியைக் கவிழ்த்தார், அரிசிப் பானைக்குள் கைவிட்டுத் துழாவினார். கூட வந்த ஏட்டு நேராகத் தூளியருகே வந்தார்.

"இன்னா பாட்டு பாப்பா இது?"

தாலாட்டு என்றேன். முழுசாகப் பாடச் சொன்னார். தூளியை ஆட்டிக்கொண்டே பாடினேன். முடியும்வரை நின்று கேட்டுவிட்டு, தம்பியின் முதுகுக்கு அடியில் கையை நுழைத்தார். கை பாதியில் நின்றது. அட்டைப்பட விலங்குக் கைகள் அவர் கையைப் பிடித்துக்கொண்டுவிட்டன என்றே நினைத்தேன்.

உள்ளேயிருந்து இன்ஸ்பெக்டர் அங்கே என்ன என்று கேட்டார்.

"ஒண்ணுமில்ல சார். கொயந்த நனைச்சிகினு கீது," என்று கையை உருவி நிஜாரில் துடைத்துக்கொண்டார் ஏட்டு.

அவர்கள் போனதும் அம்மா தம்பியை வாரியெடுத்து அழுதாள். நான் தூளித்துணியைத் தடவிப் பார்த்தேன். சொட்டு ஈரமில்லை. ஈரம் எது, காய்ந்தது எது என்றுகூடத் தெரியாதவரையா போலீஸில் வைத்திருக்கிறார்கள் என்று எனக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது.

சாயங்காலம் சித்தப்பாவிடமும் சொல்லிச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அந்த ஏட்டுக்குப் பிள்ளைகுட்டி உண்டா என்று மட்டும் அம்மாவைக் கேட்டார். இதென்ன சம்பந்தமில்லாத கேள்வி என்று நினைத்துக்கொண்டேன். முட்டாள் போலீஸ்காரர் கதையாகவே பல வருஷம் அதைச் சொல்லித் திரிந்தேன், என் பிள்ளையைத் தூளியில் போட்டு அதே பாட்டைப் பாடி ஆட்டும்வரை.