ஹங்கேரி நால்வரும் என் நெஞ்சுப் படபடப்பும்

பழைய ஒலிநாடாக்களைக் கணினிக்கு மாற்றும் தொழில் செய்கிறவர்களே, நாடா சுழலத் தொடங்கியதும் உங்களுக்கும் உள்ளங்கை வியர்க்கும் என்று எனக்குத் தெரியும். ஜேர்மனியில் ஒரு வானொலிக் காப்பகத்தில் எனக்கு அதுதான் வேலை. போன வருடம் ஒரு ஹங்கேரி நால்வர் குழுவின் பதிவுகள் என்னிடம் வந்தன. இரண்டு வயலின், வயலினைவிடச் சற்றுப் பெரிதான ஒரு வியோலா, ஒரு செல்லோ. புடாபெஸ்டை விட்டு ஓடிவந்து, என்னைப் போலவே இங்கே அகதியாகப் பதிந்தவர்கள். வியோலாக்காரர் மட்டும்தான் இப்போது உயிரோடு இருக்கிறார்.

அடுப்பு

முதல் நாடாவே பிசுபிசுத்து ஒட்டிக்கொண்டது. இப்படியானதை அடுப்பில் இளஞ்சூட்டில் மணிக்கணக்காக உலர்த்தினால்தான் ஓடும். வேறு பிரதி கிடையாது. சூடு கூடினால் நால்வரும் போச்சு! மத்தியானம் சாப்பிடக்கூடப் போகாமல் வெப்பமானியையே பார்த்துக்கொண்டிருந்தேன். மேலாளர் மார்ட்டினா எட்டிப் பார்த்தார்.

"பயப்படாதேங்கோ, இதுவரைக்கும் ஒன்றுதான் உருகினது."

இரண்டாவது வயலின்

ஒரு நாடாப் பெட்டியில் எழுதியிருந்த இரண்டாவது வயலின்காரரின் பெயர் இடித்தது. அவர் பிறகு சேர்ந்தவர். முதலில் இருந்தவர் சண்டைபிடித்துப் பிரிந்துபோனார். பதிவுத் திகதியோ அந்தச் சண்டைக்கு முந்தியது. ஆதாரமில்லாமல் பெயரை மாற்ற எனக்குப் பயம். பிரிந்தவரின் மகளைத் தேடிப்பிடித்துத் தொலைபேசியில் கேட்டேன். மறுநாளே தகப்பனின் குறிப்பேட்டோடு வந்துவிட்டார். அதே திகதியில், 'ஒலிப்பதிவு, பத்து மணி' என்று எழுதியிருந்தது. தகப்பன் வாசித்த ஒரு பதிவும் மிஞ்சவில்லை என்றுதான் அவர் அதுவரை நினைத்திருந்தாராம். பெட்டியில் ஒட்டப் புதுச் சிட்டையை நான் எழுத எழுத, கண்ணைத் துடைத்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றார்.

"அப்பாவின்ர பெயரில கடைசி எழுத்துக்கு மேல ரெண்டு கோடு வரும், விட்டிடாதேங்கோ."

மூச்சு

ஒவ்வொரு பகுதியும் தொடங்குமுன் 'ஸ்ஸ்' என்று ஒரு சத்தம். இரைச்சல் என்று நினைத்து எல்லாவற்றையும் துடைத்துவிட்டேன். தொண்ணூறை நெருங்கும் வியோலாக்காரர் கேட்க வந்தார். கொஞ்சநேரத்தில் காதுக்கருவியைக் கழற்றி வைத்தார்.

"அவன்ர மூச்சு எங்கே? முதல் வயலின்காரன் மூச்சிழுக்கிறதைக் கேட்டுத்தானே நாங்கள் தொடங்குவம்?"

நான் இரைச்சலென்று துடைத்தது அந்த மூச்சைத்தான். நல்லவேளை, துடைக்காத பிரதியை அழிக்கவில்லை. அதைப் போட்டேன். 'ஸ்ஸ்' வந்ததும் கிழவரின் வலதுகை வில் பிடிப்பதுபோல் தானாக உயர்ந்தது.

"இப்பதான் நாலு பேரும் இருக்கிறம்."

இந்தத் தொழிலால் எனக்குக் கிடைத்தது ஓர் அலுமாரி நிறைய இசையும், காலையில் ஒன்று மாலையில் ஒன்றாக விழுங்கும் பிரஷர் குளிசையும்தான்.