முசேயின் விருந்து அழைப்பு குப்பைக்குப் போன கதை

அந்த வருஷங்களில் நான் மூலக்குளத்திலிருந்து பஸ் பிடித்து, வைத்திக்குப்பம் பக்கத்தில் ஒரு மாடி அறைக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். புதுச்சேரியிலும் பிரான்சிலுமாகப் பிரிந்து கிடக்கும் குடும்பங்களின் சங்கம் அது. ஒரு கம்ப்யூட்டர், ஒரு மின்விசிறி, நான். தலைவர், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வுபெற்ற சொல்தா. ஊரே அவரை, 'ஐயா' என்பதற்கான பிரெஞ்சு வார்த்தையில், முசே என்றுதான் கூப்பிடும்.

ஆகஸ்டில் பிரான்சுக்காரர்கள் லீவில் வரும்போது சங்க விருந்து நடக்கும். அதற்கு அச்சடித்த அழைப்பிதழும் தபால்தலையும் எதற்கு, மெயில் போதும் என்று சவடால் அடித்தவள் நான்தான். முசே நம்பினார். இரண்டு வருஷம் மெயில் அனுப்பினோம். இரண்டு வருஷமும் முக்கால்வாசி நாற்காலி காலி.

மற்றவர்கள் வராததை முசே பொறுத்துக்கொண்டார். பிரான்சில் இருந்த கூடப்பிறந்த தம்பி வராததைத்தான் தாங்க முடியவில்லை. தபாலில் அழைப்பு போன காலத்தில் ஒரு விருந்தையும் விடாத தம்பி.

"இன்னாத்துக்கு கோவம்னே தெரியலம்மா" என்பார். போன் பண்ணிக் கேளுங்களேன் என்றால், "கூப்புட்டது நானு. திரும்பவும் நானே போயி கெஞ்சணுமா?" என்று மீசையை நீவுவார். எனக்கு எரிச்சலாக வரும். அதே சமயம் பாவமாகவும் இருக்கும்.

மூன்றாவது வருஷம், ஒரு சந்தேகத்தில், அழைப்பை என் சொந்த முகவரிக்கு அனுப்பிப் பார்த்தேன். வரவில்லை. தேடினால், ஸ்பேம் என்ற குப்பைப் பெட்டியில், லாட்டரிப் பரிசுக்கும் முடி வளர்க்கும் தைலத்துக்கும் நடுவில் முசேயின் விருந்து கிடந்தது.

எங்கள் மெயிலைக் கவனிக்கும் சென்னைக் கம்பெனிக்குப் போன் போட்டேன். "உங்க அட்ரஸுக்குப் பேரு கெட்டுப்போச்சு மேடம்" என்றார் அங்கிருந்தவர். இல்லாத முகவரிகளுக்குத் திரும்பத் திரும்ப அனுப்பினால், கண்டவர்களுக்கும் விளம்பரம் அனுப்புகிற ஆள் என்று மெயில் கம்பெனிகள் முடிவுகட்டிவிடுமாம். பெறுகிறவர்கள் நாலு பேர் ஸ்பேம் பட்டனை அழுத்திவிட்டால் இன்னும் மோசம். அப்புறம் ஆசையாகக் காத்திருப்பவருக்கும் அது குப்பைதான்.

"போய்ச்சேராம திரும்பி வந்த மெயிலை எல்லாம் பாக்கலையா?" என்றார். பார்த்தேனே! ஒவ்வொரு முறையும் அத்தனையையும் மொத்தமாக அழித்துவிட்டு, மேசையைத் துடைத்த திருப்தியோடு வீட்டுக்குப் போனேனே!

அவர் எடுத்து அனுப்பிய பட்டியலைப் பிரித்தால், திரும்பி வந்ததில் பாதி இறந்துபோனவர்களின் முகவரி. முசே ஒரு பெயரையும் எடுக்க விட்டதில்லை. ஒரு தடவை அழைத்த வீட்டை விடக்கூடாது என்பது அவர் கட்சி.

"உயிரோட இருக்கறவங்களுக்குப் போய்ச்சேரணும்னா, செத்தவங்கள எடுத்தே ஆவணும் முசே."

"என் கையால ஒரு பேரையும் அடிக்க மாட்டேன்."

"என் கை இருக்கே."

இரண்டு காலைகள் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு கதை. கதை முடிந்ததும் தலையாட்டுவார், நான் அழிப்பேன். அந்த வீட்டுப் பிள்ளைகளின் முகவரியைக் கேட்டு வாங்கிச் சேர்த்தோம்.

அடுத்த சண்டை, மெயிலின் கீழே சென்னைக்காரர் சேர்க்கச் சொன்ன ஒரு வரிக்காக. "இனி எங்கள் மெயில் வேண்டாமென்றால் தெரிவியுங்கள்." முசே குதித்தார். "விருந்துக்குக் கூப்புட்டுட்டு, வேணாம்னா சொல்லுன்னு எந்த வூட்டுலயாவது கேப்பாங்களா?" சொல்லாமல் ஸ்பேம் பட்டனை அழுத்துவார்களே, அது மட்டும் மரியாதையா என்று கேட்டேன். முணுமுணுத்துக்கொண்டே சம்மதித்தார்.

மெயில் போலி இல்லை என்று மெயில் கம்பெனிகள் நம்புவதற்காக, எங்கள் பெயரில் எந்த மெஷின் அனுப்பலாம் என்பதைச் சென்னைக்காரர் பதிந்து கொடுத்தார். எல்லோருக்கும் ஒரே மூச்சில் அனுப்பாமல், பதில் போடும் வழக்கமுள்ளவர்களில் ஆரம்பித்து, தினம் கொஞ்சம் பேருக்கு அனுப்பினேன். தலைப்பில் வரிசையாக ஆறு ஆச்சரியக்குறி போடும் என் கலைத்திறனையும் விட்டேன். கெட்ட பேர் ஒரு நாளில் மாறவில்லை. ஆனால் பதில்கள் வர ஆரம்பித்தன.

ஜூலை நடுவில் தம்பியின் பதில் வந்தது. "இப்பதான் என் ஞாபகம் வந்துச்சா?"

முசே அதை மூன்று தரம் படித்தார். அழைக்கவில்லை என்று தம்பிக்குக் கோபம், வரவில்லை என்று இவருக்குக் கோபம். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அந்த ஆகஸ்டில் நாற்காலி போதவில்லை. தம்பி வந்து உட்கார்ந்ததும், முசே சட்டைப்பையிலிருந்து பழைய இரண்டு வருஷ மெயில்களின் பிரிண்ட்டை எடுத்து நீட்டினார்.

"பாரு, தேதியோட இருக்கு. கூப்புடலன்னு நெனச்சியே?"

தம்பி நிதானமாகப் படித்து, மடித்துத் திருப்பிக் கொடுத்தார். "எல்லாம் சரிண்ணே. ஒரு போனு பண்ணியிருக்கலாம்ல?"

"நீ பண்ணியிருக்கலாம்ல?"

முசே தன் இலையில் இருந்த பெரிய வஞ்சிரத் துண்டை எடுத்துத் தம்பி இலையில் வைத்தார். தம்பி அதைப் பிட்டு, பாதியைத் திருப்பி வைத்தார்.