சந்தா கட்டியவர்களுக்கு மட்டும்

போடியில் ஓர் ஏலக்காய்க் கடையில் ஒன்பது வருடம் சாம்பிள் போட்டவள் நான். அது ஒரு தனி வேலை. மலையிலிருந்து மூட்டை இறங்கியதும் அதிலிருந்து கொஞ்சம் காய் எடுத்துச் சின்னப் பொட்டலமாகக் கட்டி, நம்பர் எழுதி, ஏலம் நடக்கும் இடத்துக்கு அனுப்ப வேண்டும். வாங்குகிறவர் மூட்டையைப் பார்க்கமாட்டார். பொட்டலத்தைப் பிரித்து, காயை உள்ளங்கையில் உருட்டி, ஒன்றை உடைத்து மோந்து பார்த்துவிட்டு விலை கேட்பார். அதனால் சாம்பிள் எடுப்பதற்கு ஒரு முறை உண்டு. சாக்கின் வாயில் பச்சையாகப் பருத்து நிற்கும் காயை மட்டும் அள்ளக் கூடாது. முழங்கை வரைக்கும் கையை விட்டு, அடிக்காய், நடுக்காய், மேல்காய் மூன்றும் கலந்து எடுக்க வேண்டும். வெடித்த காய் கையில் வந்தால் அதுவும் பொட்டலத்துக்குள் போக வேண்டும். சாம்பிள் வேறு, சரக்கு வேறு என்று ஒரு கடைக்குப் பெயர் வந்துவிட்டால், அதற்குப் பிறகு அந்தக் கடைச் சரக்கை யாரும் வாங்கமாட்டார்கள், ஒரு மூட்டையும் வராது. ஒன்பது வருடத்தில் என் பொட்டலத்தின் மேல் ஒரு புகார் வந்ததில்லை. இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லித் தப்பிக்க எனக்கு வழி இல்லை.

காய்த் தூசி நெஞ்சில் இறங்கி இருமல் நிற்காமல் போனதால் கடை வேலையை விட்டேன். வீட்டில் சும்மா இருக்கிற ஜாதி இல்லை நான். ஃபோனிலேயே ஒரு பிளாக் ஆரம்பித்து, கடையில் பார்த்ததையும் மலையில் பார்த்ததையும் வாரம் ஒரு கடிதமாக எழுதி, சேர்ந்தவர்களுக்கு மெயிலில் அனுப்பினேன். முதல் மாதம் சந்தாதாரர்கள் பதினோரு பேர். அதில் ஏழு பேர் சொந்தக்காரர்கள், ஒருத்தி வேறு மெயிலில் சேர்ந்த நானே. லோடு வண்டி ஓட்டும் என் வீட்டுக்காரர் தினமும் சாப்பிட உட்காரும்போது, இன்றைக்குப் பன்னிரண்டு ஆகிவிட்டதா என்று கேட்டுக் கிண்டல் செய்வார்.

ஆனால் ஆள் சேர்ந்தார்கள். ஊரை விட்டுப் போனவர்கள்தான் அதிகம். சென்னை, துபாய், சிங்கப்பூர். வெள்ளிக்கிழமை காலை கடிதம் போய்விட வேண்டும், காபி குடிக்கிற நேரத்தில் மெயிலில் இருக்க வேண்டும் என்று ஒரு கணக்குப் பழகிக்கொண்டேன். தலைப்பை நாலு தடவை மாற்றிப் பார்ப்பேன். படித்தவர்களை இன்னொருவருக்கு அனுப்பச் சொல்லிக் கடைசியில் ஒரு வரி போடுவேன். இரண்டாம் வருடம் காசுச் சந்தாவும் வைத்தேன். கடிதத்தின் முதல் பாதி எல்லோருக்கும். மீதி, மாதம் தொண்ணூற்றொன்பது ரூபாய் கட்டியவர்களுக்கு மட்டும்; நடுவில் ஒரு பூட்டு. பூட்டை எந்த இடத்தில் போடுவது என்று ஓர் ஆள் வீடியோவில் பாடம் எடுத்தார். படிக்கிறவருக்கு மூச்சு அடைக்கிற இடத்தில் வெட்டுங்கள், கை தானாகப் பணம் கட்டும் என்றார். எனக்கே சாம்பிள் போடச் சொல்லித் தருகிறாரா என்று சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது என்னையே அறையத் தோன்றுகிறது.

எங்களுக்கு அப்பா இல்லை. அம்மாவுக்கு நாங்கள் இரண்டு பெண்கள். அக்கா பூப்பாறைக்கு மேலே ஓர் எஸ்டேட்டில் காய் எடுக்கிறாள். எஸ்டேட் கொடுத்த லயத்து வீட்டில் குடியிருக்கிறாள். அத்தான் இறந்துவிட்டார், பிள்ளை இல்லை. அம்மா ஆறு வருடம் அவளோடுதான் இருந்தாள். வருடத்தில் இரண்டு மாதம் நான் போடிக்கு அழைத்து வந்து வைத்துக்கொள்வது என்று பேச்சு. முதல் மூன்று வருடம் செய்தேன். பிறகு எழுத இடம் இல்லை, வீடு சின்னது, அம்மா இருமினால் ஓடுகிறது எழுத்து என்று ஏதேதோ சொல்லித் தட்டிக்கழித்தேன். அக்கா ஒரு தடவைகூட ஏன் என்று கேட்கவில்லை.

அம்மாவுக்கு இளைப்பு. மழைக்காலத்தில் மூச்சு முட்டும். முட்டும்போது தூக்கி உட்காரவைத்து, மருந்துப் பம்பை வாயில் வைத்து அழுத்தி, முதுகைத் தடவ ஓர் ஆள் பக்கத்தில் வேண்டும். அந்த ஆடியில் ரொம்ப முடியாமல் போனது. அக்கா மூன்று நாள் வேலைக்குப் போகாமல் பார்த்தாள். நான்காம் நாள் போகாவிட்டால் பேரை எடுத்துவிடுவார்கள். வெள்ளிக்கிழமை முதல் ஜீப்பில் வந்துவிடு, ஒரு நாள் நீ இரு என்று வியாழக்கிழமை மதியமே சொன்னாள். வந்துவிடுகிறேன் என்றேன்.

போடியிலிருந்து முதல் ஜீப்பு ஆறு மணிக்கு. அதில் போனால் ஏழே முக்காலுக்கு அக்கா வீட்டு வாசலில் இறங்கலாம். ஆனால் வெள்ளிக்கிழமைக் கடிதம் முடியவில்லை. தலைப்பு சரியாக வரவில்லை. ஆறு மணி தாண்டியது தெரிந்தும் உட்கார்ந்திருந்தேன். ஏழு மணிக்கு அக்கா ஃபோன் போட்டாள்.

"ஏறிட்டியாடி?"

"ஏறிட்டேன்க்கா. ஜீப்பு மேட்டுக்கு ஏறிக்கிட்டு இருக்கு. நீ சோலிக்குக் கெளம்பு."

வீட்டு நாற்காலியில் உட்கார்ந்துதான் சொன்னேன். இரண்டு மணி நேரத்தில் என்ன ஆகிவிடப் போகிறது என்று நினைத்தேன். அக்கா அம்மாவுக்குக் கஞ்சி கொடுத்துவிட்டு, சின்னவள் வந்துகொண்டே இருக்கிறாள் என்று சொல்லி, கதவைச் சாத்திவிட்டு ஏழரைக்குக் காட்டுக்குப் போனாள். நான் கடிதத்தை அனுப்பிவிட்டு எட்டு மணி ஜீப்பில் ஏறினேன். வழியில் எந்தத் தடையும் இல்லை. ஒன்பதே முக்காலுக்குக் கதவைத் திறந்தபோது அம்மா கட்டிலில் இல்லை. பம்பை எடுக்க இறங்கியிருக்கிறாள். அலமாரிக்கு அடியில் தரையில் கிடந்தாள். கையைத் தொட்டேன், சூடு இருந்தது. மூச்சு இல்லை.

காட்டுக்கு ஆள் அனுப்பினேன். அக்கா ஓடி வந்து, என்னைப் பார்த்து, எப்போது வந்தாய் என்று கேட்டாள். லோடு லாரி ஒன்று வளைவில் மாட்டி ரோட்டை அடைத்துவிட்டது என்றேன். அடுத்த பொய் அவ்வளவு சுலபமாக வந்தது. அவள் தலையாட்டினாள். துக்கத்துக்கு வந்தவர்கள் யார் பக்கத்தில் இருந்தது என்று கேட்டபோது, ரோடு அடைப்பைப் பற்றியோ என்னைப் பற்றியோ அவள் பேச்சே எடுக்கவில்லை. நான்தான் வேலைக்குப் போயிருக்கக் கூடாது என்று மட்டும் எல்லோரிடமும் சொன்னாள். நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தேன். என்னைத் தேற்றியவளும் அவள்தான்.

ஒன்பது மாதம் அந்தப் பொய் என்னைத் தின்றது. எழுதினால் தீரும் என்று நினைத்தேன். எழுதினேன். அதுவரை எழுதியதிலேயே நல்ல எழுத்து அதுதான், அதை இன்றும் மறுக்கமாட்டேன். முதல் பாதியில் அம்மாவும் இளைப்பும் மழையும். இரண்டாம் பாதியில் நானும் நாற்காலியும் ஃபோனில் சொன்ன பொய்யும், ஆறு வருடம் அம்மாவைத் தாங்கிய அக்காவும். பெயர் எதுவும் போடவில்லை. பூப்பாறைக்கு மேலே, காய் உலர்த்தும் ஸ்டோருக்குப் பக்கத்தில், நீலக் கதவு போட்ட வீடு என்று எழுதிவிட்டால் பெயர் எதற்கு.

போடுவதற்கு முன்னால் வீட்டுக்காரர், இதை உன் அக்காவிடம் சொல்லிவிட்டாயா என்று கேட்டார். அவளுக்கு இதெல்லாம் படிக்க எங்கே நேரம் என்று எரிந்து விழுந்தேன். பிறகு பூட்டு போடும் இடத்தைத் தேடினேன். அதிகம் தேடவில்லை. 'அக்கா கதவைச் சாத்திவிட்டுக் காய் எடுக்கப் போனாள். அம்மா தனியாகச் செத்தாள்.' அந்த வரிக்குக் கீழே பூட்டைப் போட்டேன்.

அந்த ஒரு வாரத்தில் காசுச் சந்தா இரண்டு மடங்கு ஆனது. கடையில் வாங்கிய சம்பளத்தை முதல் தடவையாகத் தாண்டியது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அதை மறைக்கவில்லை. எண்ணிக்கை ஏறுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், பெயர்களைப் பார்க்கவில்லை. உங்கள் நேர்மை அழவைத்தது என்று துபாயிலிருந்து ஒருவர் எழுதினார்.

அக்கா ஃபோனை எடுப்பதை நிறுத்தினாள். மூன்று வாரம் பார்த்துவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏறிப் போனேன். லயத்துக்குப் பின்னால் குழாயடியில் காய் எடுக்கும் பையைத் துவைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்துவிட்டுத் துவைப்பதை நிறுத்தவில்லை. காய் எடுக்கிற பெண்கள் எல்லோரும் ஃபோனில் படித்துவிட்டார்கள் என்றாள். பெற்றவளைச் சாகவிட்டுக் கூலிக்கு வந்தவள் என்று ஒருத்தி செடிக்கு அந்தப் பக்கம் நின்று அவள் காது படவே சொன்னாளாம். மதியம் சாப்பிடும்போது சேர்ந்து உட்கார்வதில்லையாம். கோபமாகச் சொல்லவில்லை. வேறு யாருக்கோ நடந்ததைச் சொல்வது போலச் சொன்னாள்.

நான் அவசரமாக, அது பாதிதான், உள்ளே வேறு எழுதியிருக்கிறேன், முழுசும் படித்தால் உன்னை யாரும் ஒரு வார்த்தை சொல்லமாட்டார்கள் என்றேன்.

"படிச்சேன்."

எப்படி என்று கேட்டேன்.

"தொண்ணூத்தொம்பது ரூவா கட்டித்தான். ஸ்டோருல கணக்கெழுதுற பிள்ளைட்ட குடுத்து ஃபோன்ல கட்டச் சொன்னேன். நல்லாத்தான் எழுதியிருக்க. என்னைச் சாமியாட்டம் எழுதியிருக்க. ஆனா இங்க இருக்கவளுக எவ காசு கட்டிப் படிப்பா? என்னைத் தெரிஞ்சவுக எல்லாம் வெளிய கெடந்தத ஓசியில படிச்சாக. உள்ள இருந்தத, என்னை யாருன்னே தெரியாதவுக படிச்சிருக்காக."

பையை உதறிக் கல்லின் மேல் விரித்தாள். நான் மன்னிப்பு கேட்க வாயெடுத்தேன். அவள் என்னை அப்போதுதான் நேராகப் பார்த்தாள்.

"ஒம்பது மாசமா ரோடு அடைச்சிருச்சுன்னுதான் நெனச்சுக்கிட்டு இருந்தேன். ஒன்னைய ஒருத்தரும் ஒரு சொல்லு சொல்லிறக் கூடாதுன்னு, வந்தவுககிட்ட எல்லாம் என் தலையில போட்டுக்கிட்டேன். நீ ஜீப்பே ஏறலங்கறத எனக்கு முன்னாடி ஊரு பேரு தெரியாத அத்தனை பேருக்குச் சொல்லியிருக்க. எங்கிட்டச் சொல்லணும்னு ஒனக்குத் தோணலல்ல."

சாம்பிள் போட்டவள் நான். சாக்குக்குள் கையை விட்டேன், அடியில் கிடந்த சொத்தைக் காய் கைக்கு வந்தது, அது என் காய். அதை உள்ளேயே போட்டு மூடிவிட்டு, அக்காவை அள்ளிப் பொட்டலம் கட்டி வெளியே வைத்திருக்கிறேன். பெரிய மன்னிப்புக் கடிதம் எழுதிவிட்டதாக நினைத்து, அந்த மன்னிப்பை விற்றிருக்கிறேன். வாங்கியவர்களில் அக்காவும் ஒருத்தி. ஏறிக்கொண்டே போகிறதென்று நான் சந்தோஷப்பட்ட அந்த எண்ணிக்கையில் அவளும் இருந்தாள்.

கீழே வந்ததும் பூட்டை எடுத்துவிட்டேன். முழுசையும் எல்லோருக்கும் திறந்துவைத்து, தப்பு என்னுடையது என்று மேலேயே எழுதினேன். சந்தாதாரர்கள் என்ன ஒரு மனசு என்று பாராட்டினார்கள். அதிலும் புதிதாகச் சிலர் சேர்ந்தார்கள். அக்காவோடு காய் எடுக்கிற பெண்கள் யாரும் திரும்ப வந்து படிக்கவில்லை. ஒரு தடவை படித்ததை எதற்கு மறுபடியும் படிக்க வேண்டும். வீடு வீடாகப் போய்ச் சொல்லலாம் என்று கிளம்பினேன். அக்கா ஆள் விட்டு வேண்டாம் என்று சொல்லி அனுப்பினாள். இன்னும் ஒரு தடவை அவளைப் பற்றி என் வாயால் யாரும் கேட்க வேண்டாமாம்.

காசுச் சந்தாவை நிறுத்திவிட்டேன். அக்காவின் தொண்ணூற்றொன்பது ரூபாயைத் திருப்பி அனுப்பினேன். அது போய்ச் சேர்ந்ததா என்று கேட்க ஃபோன் போட்டேன், எடுக்கவில்லை. வெள்ளிக்கிழமைகளில் இப்போது எழுத உட்கார்ந்தால் கை ஏழு மணிக்கு நின்றுவிடுகிறது.

ஆடியில் அம்மாவுக்கு வருசத் திதி வந்தது. அக்கா கூப்பிடவில்லை. கூப்பிட்டால்தான் போக வேண்டுமா, எனக்கும் அம்மாதானே என்று கிளம்பினேன். ஐந்தரைக்கே ஸ்டாண்டுக்குப் போய் முதல் ஜீப்பில் பின்சீட்டில் இடம் பிடித்தேன். காய் எடுக்கப் போகும் பெண்கள் தூக்குவாளியோடு நெருக்கி உட்கார்ந்தார்கள். வண்டி சரியாக ஆறுக்கு எடுத்தது. மலையடியில் முந்தல் தாண்டி முதல் வளைவில் ஏறும்போது அக்காவுக்கு ஃபோன் போட்டேன். எடுக்கமாட்டாள் என்று தெரியும், இருந்தாலும் போட்டேன். எடுத்தாள்.

"அக்கா, நான்தான். ஜீப்பு ஏறிட்டேன். முந்தல் தாண்டியாச்சு."

அந்தப் பக்கம் குழாயை மூடும் சத்தம் கேட்டது.

"டிரைவர்கிட்ட ஃபோனக் குடு" என்றாள்.

முன்னால் இருந்த இரண்டு பெண்களின் தோளுக்கு மேலே கையை நீட்டி டிரைவரின் காதில் ஃபோனை வைத்தேன். ஆமாக்கா, என் வண்டியில்தான் இருக்கிறார்கள் என்று அவர் சொன்னார். ஃபோனைத் திரும்ப என் காதுக்குக் கொண்டுவந்தபோது அக்கா வைத்துவிட்டிருந்தாள்.