மேரி தீட்டிய பிளேடுகள்

"அக்கா, மேரி விழுந்துட்டா" என்று தம்பி சேவியர் தொலைபேசியில் சொன்னான். எங்கள் குடும்பத்தில் விழுவது அவன் மகன் ஜோயலின் வேலை. ஆகவே, "மேரியா, ஜோயலா?" என்று கேட்டேன். "மேரிதான் அக்கா. அடுப்படியில. ஆம்புலன்ஸ் வந்தப்ப மூச்சு இல்ல." குளுவாங்கில் என் வீட்டு மேசையில் தேநீர் பாதி இருந்தது. அதைக் குடித்து முடித்துவிட்டே தம்பி வீடு இருக்கும் லாயாங் லாயாங்குக்குக் கிளம்பினேன். எழுபது வயதில் வண்டி ஓட்டத் தெளிவு வேண்டும்; அழுவதற்குப் பின்னால் நேரம் இருந்தது.

என் தம்பி மனைவி, மறைந்த அருள்மேரிக்கு வயது நாற்பத்தொன்பது. ஊரார் அவரைப் பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் மீ கோரெங் என்னும் வறுத்த நூடுல்ஸ் பரிமாறியவராக அறிவார்கள். நல்ல மனைவி, நல்ல தாய் என்று எழுதிக்கொடுக்கும்படி, ஓய்வுபெற்ற ஆசிரியையான என்னிடம் கோயில் இதழுக்காகக் கேட்டார்கள். இறந்த பெண்கள் அனைவருக்கும் அதையே எழுதி வருகிறோம். மேரிக்கு அது போதாது.

அவர் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். பத்து வயதில் தம் தாயாருடன் பால்மரம் வெட்டப் போனார். பள்ளிக்கூடத்தில் அவருக்கு எதுவும் ஏறவில்லை என்று தாமே சொல்லிக்கொள்வார். ஆனால் அந்த டிவிஷனில் யார் கத்தி மழுங்கினாலும் மேரியிடம்தான் வரும். திருமணமாகி வந்தபோது, துணிமணிகளுக்கு நடுவே ஒரு தீட்டுகல்லையும் கொண்டுவந்தார். எங்கள் வீட்டுப் பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஜோயல் பதினொரு வயதில் பள்ளிச் சுற்றுலாவில் மாநிலத் தலைநகர் ஜொகூர் பாருவுக்குப் போனான். அங்கே ஒரு பேரங்காடிக்குள் பனிச்சறுக்குத் தளம் இருந்தது. மற்றப் பிள்ளைகள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நடுங்க, இவன் கம்பியை விட்டுவிட்டான். அங்கிருந்த பயிற்றுநர், ஒரு சீனர், பனியில் வேக ஓட்டத்துக்கு இவன் ஏற்றவன் என்று சொல்லி, ஆசிரியரிடம் தம் தொலைபேசி எண்ணைக் கொடுத்தனுப்பினார். செய்தி கேட்டு நான் நேரே தம்பி வீட்டுக்குச் சென்று, "வருடம் முழுக்க வியர்க்கிற ஊரில் பனியில் ஓடி எதைச் சாதிக்கப் போகிறான்? படிக்கட்டும்" என்றேன்.

மேரி வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவில்லை. "நீங்க யூனிவர்சிட்டிக்குப் போனப்ப தோட்டத்துல என்ன சொன்னாங்கன்னு அத்த எனக்குச் சொல்லியிருக்காங்க, அண்ணி."

என் தாயார் அதைச் சொல்லியிருக்க வேண்டியதில்லை. ஆனால் சொல்லியிருந்தார். நான் வீடு திரும்பினேன்.

சேவியர் தொழிற்சாலைப் பேருந்து ஓட்டுபவன். விடியுமுன் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு ஜொகூர் பாரு போவான். அதன் முன்னிருக்கைகளில் தாயும் மகனும் ஏறத் தொடங்கினார்கள். அங்காடி திறக்குமுன் பயிற்சி; அது முடிந்ததும் ரயிலில் ஊர் திரும்பி, பகல் வகுப்புக்கு அவன், சிற்றுண்டிச்சாலைக்கு அவர். பேருந்துப் பெண்கள் விடமாட்டார்கள்; சீவிய பனிக்கட்டியில் பாகு ஊற்றும் ஐஸ் கச்சாங்கை வைத்துக் கேலி செய்வார்கள்.

"ஏ ஜோயலு, வழுக்கி விழுந்தா ஒன்ன அள்ளி ஐஸ் கச்சாங் போட்டுருவாங்கடா!"

"போடட்டும்கா, ஒங்களுக்கு ரெண்டு கிண்ணம்" என்பார் மேரி. "இப்பத் தூங்க விடுங்க லா. அவன் ஓடணும்."

இப்படி மூன்று ஆண்டுகள். மாநிலப் போட்டிகளில் ஜோயல் முன்னுக்கு வந்தான். தேசிய இளையோர் அணிக்கான தேர்வோட்டத்துக்கு அழைப்பு வந்தது. அப்போதுதான் மேரி ஒரு பிழை செய்தார். அதை மறைத்து எழுதினால் அவரே கோபித்துக்கொள்வார்.

வேக ஓட்டத்தில் எப்போதும் இடப்பக்கமாகவே வளைய வேண்டும். மகன் இடப்பக்கம் சாய்வதை மூன்று ஆண்டுகள் பார்த்த மேரி, தம் அனுபவத்தில் ஒரு முடிவுக்கு வந்தார். பால்வெட்டும் கத்தியை, மரத்தைச் சுற்றி வெட்டும் பக்கத்துக்கு ஏற்பச் சரித்துத் தீட்டுவதில்லையா? தேர்வோட்டத்துக்கு முந்தைய மாலை, எவரிடமும் சொல்லாமல், பிளேடுகளின் இடப்பக்கத்தைத் தம் தீட்டுகல்லில் சரித்து, மயிரிழையாகத் தீட்டிவைத்தார். ஆனால் பனிச்சறுக்கு பிளேடின் அடிப்பாகம் தட்டையாக இருக்க வேண்டும். இரு விளிம்பும் ஒன்றுபோல் நிற்க வேண்டும். முதல் வளைவிலேயே பிளேடு பனியில் சிக்கியது. ஜோயல் சுவர் மெத்தையில் போய் மோதினான். மணிக்கட்டு எலும்பு முறிந்தது. அணியில் இடமும் போயிற்று.

பயிற்றுநர் பிளேடை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, யார் தீட்டியது என்று கேட்டார். "நான்தான் கோச்" என்றான் பையன், வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு.

"பொய் சொல்லாதடா" என்றார் மேரி, எல்லாப் பெற்றோர்களுக்கும் நடுவில். "சாயா, கோச். சாயா யாங் அசா." நான்தான், தீட்டியவள் நான்தான் என்று மலாயில்.

"ஆண்டி, இனி புக்கான் பீசாவ் கெத்தா லா!" என்று பயிற்றுநர் தலையில் கைவைத்துக்கொண்டார். இது ரப்பர் மரம் வெட்டும் கத்தி இல்லையே என்று.

மருத்துவமனையில் நான் இரக்கம் காட்டவில்லை. "இத்துடன் போதும் மேரி" என்றேன்.

"எலும்பு கூட ஆறு வாரம் ஆகும்னு டாக்டர் சொன்னாரு. நான் ஒழுங்காத் தீட்டப் படிக்க அது போதும், அண்ணி."

படித்தார். இரு பிளேடுகளையும் தலைகீழாக இறுக்கும் இரும்புச் சட்டத்தின் முன் நின்று, கல்லைச் சமமாக ஓட்டுவதைப் பயிற்றுநரிடமே கற்றுக்கொண்டார். சரியாகத் தீட்டினோமா என்று அறிய, இடக் கட்டைவிரல் நகத்தை விளிம்பில் மெல்ல இழுத்துப் பார்ப்பார். நகம் பொடியாகச் சீவி வந்தால் கூர் உண்டு. இரு விளிம்பிலும் ஒரே அளவு வந்தால்தான் கீழே வைப்பார். ஓராண்டில் மற்றப் பெற்றோர்களும் பிளேடுகளை அவரிடம் நீட்டினார்கள். பிழை செய்தவரிடம் எப்படித் துணிந்து கொடுக்கிறீர்கள் என்று ஒரு தாயிடம் கேட்டேன். "செஞ்சத எல்லார் முன்னாலயும் ஒத்துக்கிட்டவங்க அவங்க மட்டும்தான் டீச்சர்" என்றார். என் கேள்விக்கு அது தகுந்த பதில்.

மேரி இறந்த நாளிலிருந்து அடுத்த தேர்வோட்டத்துக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. ஜோயலுக்கு வயது பதினாறு. இளையோர் பிரிவில் இதுவே அவனுக்குக் கடைசி வாய்ப்பு.

அடக்கத்துக்கு முன் உடலை ஒப்பனை செய்த பெண்கள், கட்டைவிரல் நகத்தில் சீப்புப் பல்போலக் கீறல்கள் இருப்பதைக் கண்டு அராவப் பார்த்தார்கள். "விடுங்கள்" என்றேன். கொஞ்சம் உரக்கவே சொல்லிவிட்டேன் போலும். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

நாற்பது நாள் கழியுமுன் போட்டியா என்று உறவினர் முணுமுணுத்தார்கள். பையன் ஓடுவதை நிறுத்தியது அந்த முணுமுணுப்புக்காக அல்ல, வேறொன்றுக்காக. மேரி இறப்பதற்கு முந்தைய மாலை அந்தப் பிளேடுகளைத் தீட்டியிருந்தார். அவன் அவற்றைத் துணியில் சுற்றி அலமாரியில் வைத்துவிட்டான். ஐந்து நாள் பயிற்சிக்குப் போகவில்லை. ஆறாம் நாள் நான் போனேன்.

"அத்த, ரெண்டு மூணு நாள் ஓடுனா அம்மா தீட்டுனது போயிரும்."

"ஓடாம வச்சிருந்தாத் துருப்பிடிச்சுப் போயிரும். போறது போறதுதான். எப்படிப் போகணும்னு நீ சொல்லு."

அவன் என்னைப் பார்த்தான். அன்பாக அல்ல. மறுநாள் விடியுமுன் பேருந்தின் முன்னிருக்கையில் ஏறினான். பக்கத்து இருக்கையில், முழங்கால் வலியோடு, நான். அன்று எவரும் ஐஸ் கச்சாங் பற்றிப் பேசவில்லை. மூன்றாம் நாள் பின்னாலிருந்து ஒரு குரல் மெதுவாக, "ஜோயலு, எனக்கு ரெண்டு கிண்ணம் இருக்குல்ல?" என்றது. அவன் திரும்பாமலே, "இருக்குக்கா" என்றான்.

தேர்வோட்டத்துக்கு முதல் நாள் கூர் மழுங்கியிருந்தது. பயிற்றுநர் தாம் தீட்டித் தருவதாகச் சொன்னார். ஜோயல் வேண்டாம் என்று சொல்லி, தாயின் சட்டத்தை எடுத்து வைத்து, பிளேடுகளை இறுக்கி, ஒரு மணி நேரம் கல்லை ஓட்டினான். நான் பக்கத்தில் அமர்ந்து ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. என்னை அறிந்தவர்களுக்கு அது எவ்வளவு கடினம் என்று தெரியும்.

இருவருக்குத்தான் இடம். அவன் இரண்டாவதாக வந்தான்.

மேரி, உங்களை எதிர்த்துப் பேசியது என் தவறு. நீங்கள் இருந்தபோது இதைச் சொல்ல எனக்கு ஐந்து ஆண்டுகள் கிடைத்தன, சொல்லவில்லை. உங்களைப்போல எல்லார் முன்னாலும் ஒத்துக்கொள்ளவே இந்தப் பக்கங்களை எழுதினேன். நேற்று உங்கள் மகன் எனக்குத் தேநீர் கொண்டுவந்து வைத்தான். கோப்பையைப் பற்றியிருந்த அவன் இடக் கட்டைவிரல் நகத்தில் கீறல்கள் விழுந்திருந்தன. அவை ஒரே அளவாக இல்லை. இன்னும் பழக வேண்டும், பழகிவிடுவான். நீங்கள் கவலையின்றிப் போய்வாருங்கள்.