வாய் தைக்காத தலையணை

நம் வீட்டுத் தலையணைகளுக்கு மட்டும் ஏன் வாய் தைக்காமல் நாடா போட்டுக் கட்டியிருக்கிறது என்று கேட்கிறீர்கள். பஞ்சு பிதுங்கி மூக்கில் ஏறுகிறது என்று சின்னவளுக்குக் கோபம். அம்மாவைக் கேட்டால் அப்பாவைக் கேள் என்பாள். சொல்லிவிடுகிறேன்.

நான் எட்டாவது வரை படித்தவன். நன்னிலம் பக்கத்தில் ஒரு அரிசி ஆலையில் மூட்டை வாய் தைக்கிற வேலை. கோணி ஊசி பழகிய கைக்குச் சின்ன ஊசி தானாக வந்துவிட்டது. உரச் சாக்கில் புத்தகப் பை, பழைய வேட்டியில் பெரியவனுக்குச் சட்டை, கிழிந்த சேலையை நாலாக மடித்து ஒரு விரிப்பு, எல்லாம் வீட்டிலேயே தைத்ததுதான். மூட்டைக்குத் தைக்கிற மாதிரியே பிள்ளைக்கும் தைக்கிறேன் என்று அம்மா சிரிப்பாள். ஆனால் என் தையல் பிரியாது.

அப்போது பண்ணையின் மனையில் குடியிருந்தோம். உங்கள் தாத்தா பார்த்த வயல் வேலைக்காகப் பண்ணை விட்ட இடம். போ என்றால் போக வேண்டும். குடியிருக்கிறவனுக்கே மனை சொந்தம் என்று சர்க்கார் சட்டம் போட்ட பிறகு உங்கள் தாத்தா பெயருக்குப் பட்டா வந்தது. ஒரே ஒரு தாள். தாத்தா துண்டில் கையைத் துடைத்துக்கொண்டுதான் அதை வாங்கினார். கொஞ்ச நாளில் பாரிசவாயு வந்து படுத்துவிட்டார். பேச்சும் போய்விட்டது.

அந்த வருஷம் அறுவடைக் கூலி கேட்டு வேலைநிறுத்தம். பண்ணை வெளியூர் ஆட்களை இறக்கியது. அடிதடி. ஆண்கள் கொடி பிடிக்கப் போயிருந்த நேரம் பார்த்து, பண்ணை ஆட்கள் எங்கள் தெருவில் இரண்டு வீடுகளில் நுழைந்து, பெண்களை மிரட்டி, பெட்டியைக் கவிழ்த்துப் பட்டாவை எடுத்துக்கொண்டு போனார்கள்.

எனக்குப் பயம் வந்துவிட்டது. அம்மா ஆற்றுக்குத் துவைக்கப் போயிருந்த ஒரு நடுப்பகலில் தாத்தாவின் தலையணையைப் பிரித்தேன். பட்டாவை உர மூட்டையின் பிளாஸ்டிக் உள்பையில் சுற்றி இலவம் பஞ்சுக்கு நடுவே வைத்து, சணலால் இரட்டைத் தையல் போட்டு வாயை மூடினேன். தாத்தா பார்த்துக்கொண்டிருந்தார். புரிந்ததா என்று கேட்டேன். கண்ணை மூடித் திறந்தார்.

அம்மாவிடம் சொல்லவில்லை. தெரியாதவளை மிரட்டினால் தெரியாது என்றுதானே சொல்வாள், அவளுக்கு நல்லதுதான் என்று சொல்லிக்கொண்டேன். நிஜம் என்னவென்றால், அவள் பயந்துபோய்ச் சொல்லிவிடுவாள் என்று நினைத்தேன்.

தை மாதம் தாத்தா போய்விட்டார்.

கொள்ளிச்சட்டி பிடிக்கிறவன் முன்னால் நடக்க வேண்டும், திரும்பிப் பார்க்கக் கூடாது. நான் பார்க்கவில்லை. சிதைக்கும் முகத்தைத் திருப்பிக்கொண்டு தீ வைத்துவிட்டு அப்படியே நடந்து வந்தேன். எனக்குப் பின்னால் என்ன வந்தது, எதை எடுத்துத் தீயில் போட்டார்கள் என்று எனக்குத் தெரியாது.

குளித்துவிட்டு ஈரத்தோடு உள்ளே வந்தேன். தாத்தா கிடந்த இடத்தை அம்மா சாணி போட்டு மெழுகியிருந்தாள்.

"தலவாணி எங்க?"

"பாயோட சுத்திக் கொடுத்தனுப்பிட்டேன். செத்தவங்க படுத்தத வீட்டுல வெச்சிக்கலாமா?"

அவள் செய்தது முறை. எந்த வீட்டிலும் அப்படித்தான் செய்வார்கள். நான் விஷயத்தைச் சொன்னதும் வாசல்படியில் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை.

மறுநாள் பால் தெளிக்கப் போனபோது, எலும்பு பொறுக்குகிற இடத்தில் கறுப்பாக ஒரு கட்டி கிடந்தது. பிளாஸ்டிக் உருகிப் பஞ்சோடு ஒட்டிப்போயிருந்தது. கல்லில் வைத்து உடைத்துப் பார்த்தேன். உள்ளே தாள் இருந்ததற்கான அடையாளம்கூட இல்லை.

சுடுகாட்டில் பட்டாவைத் தேடி நான் கட்டியை உடைத்ததைப் பார்த்தவர்கள் பேசாமல் இருப்பார்களா? கருமாதி முடிந்த மறுநாளே பண்ணையின் வேலைகளைப் பார்த்துக்கொள்கிற காரியக்காரர் வாசலில் வந்து நின்றார்.

"பட்டா இருந்தாக் காட்டுடா, பாத்துட்டுப் போயிடறேன்."

"தாலுக்கா ஆபீசுல நகல் கேட்டிருக்கேங்க."

"எதுக்கு நகலு? அதான் உங்கப்பன் கையோட எடுத்துட்டுப் போயிட்டானே. அங்க போயி மனை கட்டிக்குவான்."

கூட வந்தவர்கள் சிரித்தார்கள்.

தாலுக்கா ஆபீசுக்கு மூன்று தடவை நடந்தேன். பட்டா நம்பர் சொன்னால்தான் தேட முடியும் என்றார்கள். நம்பர் அந்தத் தாளில் இருந்தது. எட்டாவது படித்தவன், உள்ளே வைத்துத் தைப்பதற்கு முன் அதைப் பார்த்து எங்காவது எழுதியிருக்கலாம். தோன்றவில்லை. வேலைநிறுத்தம் நடத்திய சங்கத்துக்காரர்கள் வந்தார்கள். ஒரு காகிதம் இருந்தால் நிற்கலாம், வாயால் சொன்னால் நிற்க முடியாது என்றார்கள்.

மாசி கடைசியில் கூரைக் கீற்றைப் பிரித்துப் போட்டார்கள். வாய்க்கால் கரைப் புறம்போக்கில் வந்து குடிசை போட்டோம். நீங்கள் வளர்ந்த இடம் அதுதான்.

அங்கே வந்த ஒரு மாதம்வரை அம்மா என்னோடு அதிகம் பேசவில்லை. பழைய வேட்டியைக் கிழித்து அவளே ஒரு தலையணை தைத்தாள். பஞ்சை அடைத்து, வாயைத் தைக்காமல், ஊசியில் நூல் கோத்து என் முன்னால் வைத்தாள்.

"உள்ள ஏதாவது வெக்கறதா இருந்தா இப்பவே சொல்லிடுங்க. அப்புறம் தைக்கறேன்."

வைப்பதற்கு எங்களிடம் ஒன்றும் இருக்கவில்லை. தைக்க வேண்டாம், நாடா போட்டுக் கட்டிவிடு என்றேன்.