ஷவலுக்குப் பொட்டு வைத்த நாள்

ஓசூரில் பேரன் வேலை பார்க்கும் கம்பெனியில் ஆயுத பூஜை. "வா தாத்தா, எங்க மிஷினப் பாரு" என்று இழுத்துக்கொண்டு போனான். சாமந்தி மாலையும் சந்தனமுமாக, முன்னால் பொரியை வைத்துக்கொண்டு, மிஷின் ஜம்மென்று ஓய்வெடுத்துக்கொண்டிருந்தது. கற்பூர வாசனையும் எண்ணெய் வாசனையும் கலந்து மூக்கில் ஏறியதும் எனக்குத் தரை ஆட ஆரம்பித்துவிட்டது. சர்க்கரை இறங்கிவிட்டதோ என்று பேரன் பயந்தான். கப்பல்டா, கப்பல் என்றேன்.

சூளகிரிக்காரனுக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்பீர்கள். ஏரியில் கால் நனைக்கவே பயந்தவன்தான். ஐம்பதுகளில் மழை பொய்த்து மெட்ராஸுக்குப் பிழைக்கப் போனேன். எங்கள் பக்கத்து வேப்பனப்பள்ளி திம்மராயன், தான் வேலை பார்த்த சரக்குக் கப்பலிலேயே, பாய்லர் அடுப்புக்குக் கரி அள்ளிப்போடும் வேலையில் சேர்த்துவிட்டான்.

யுத்த காலத்தில் இங்கிலாந்தில் அவசர அவசரமாகக் கட்டிய கப்பல் அது. எப்படியும் எதிரி மூழ்கடிக்கப்போகிறான், அழகெதற்கு என்று நினைத்திருப்பார்கள் போல. பார்க்கப் பெட்டி மாதிரி இருக்கும். குண்டுக்கெல்லாம் தப்பி, யுத்தம் முடிந்ததும் கைமாறி நம் கரைக்கு வந்துவிட்டது. புதுப் பெயரின் பெயின்டுக்கடியில் பழைய பெயர் புடைத்துக்கொண்டு தெரியும். கல்கத்தாக் கரி, தூத்துக்குடி உப்பு, ரங்கூன் அரிசி, எதை ஏற்றினாலும் முனகாமல் சுமக்கும். அப்படி ஒரு உழைப்பாளியை நான் மனிதர்களில்கூடப் பார்த்ததில்லை.

ஒரு ஆயுத பூஜையன்று வங்கக் கடலில் இருந்தோம். எங்கள் பக்கம் அன்று ஏர், மண்வெட்டி எதையும் தொடமாட்டோம். திம்மராயன் கரி அள்ளும் ஷவல்களைக் கழுவி, பொட்டு வைத்து, கரையிலேயே வாங்கி வைத்திருந்த சாமந்தியைச் சூட்டி, பொரி படைத்து, வரிசையாகச் சாய்த்துவிட்டான்.

"இன்னிக்கி யாரும் இதத் தொடக்கூடாது. கையால போடுங்கடா."

இன்ஜினியர் தலையில் அடித்துக்கொண்டு போய்விட்டார். நாங்கள் மறுபேச்சில்லாமல் கரியைக் கையால் எறிந்தோம். நடுக்கடலில் இப்படியொரு விரதம் எங்களைத் தவிர வேறு யாருக்குத் தோன்றும்?

மத்தியானம் புயல் பிடித்துக்கொண்டது. கையால் எறிந்த கரி அடுப்பின் வாயிலேயே விழுந்தது. உள்ளே நெருப்பு சோர்ந்தது. நீராவி இறங்கி, இன்ஜின் தளர்ந்து, கப்பல் அலைக்கு விலாவைக் காட்டித் திரும்பியது. இப்படியே விட்டால் கவிழ்ந்துவிடும். "ஸ்டீம் போகுதுடா! எல்லாரும் சாகப்போறோம்!" என்று இன்ஜினியர் மேலிருந்து கத்தினார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. திம்மராயனைப் பார்த்தேன். அவன் உள்ளங்கையெல்லாம் கொப்புளம். சட்டென்று ஷவலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

"பூஜ முடிஞ்சிது தாயி. எந்திரி!"

பொரியும் சாமந்தியும் கரியோடு சேர்ந்தே அடுப்புக்குள் போயின. பொழுது சாய்வதற்குள் கப்பல் மெல்ல மூக்கைத் திருப்பி அலைக்கு நேராக நின்றுவிட்டது. அவசரத்தில் கட்டிய அந்தப் பெட்டி எங்கள் அத்தனை பேரையும் பத்திரமாகக் கரை சேர்த்தது. நினைத்தால் இப்போதும் கும்பிடத் தோன்றுகிறது.

பிறகு எண்ணெயில் ஓடும் கப்பல்கள் வந்தன. கரி அள்ளும் வேலையே இல்லாமல் போயிற்று. திம்மராயன் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தான். அதன்பின் கொஞ்ச நாளில் எங்கள் கப்பலையும் உடைக்கக் கொடுத்துவிட்டார்கள்.

பேரனின் மிஷினுக்கு நாளைக் காலை ஷிப்ட் உண்டு; எழுந்துவிடும். எங்கள் கப்பல் நெருப்பணைந்து கரையில் கிடந்தபோது, "எந்திரி" என்று சொல்லத் திம்மராயன் அங்கே இல்லை.